உறைபனிக்குள் ஒரு பச்சை உலகம்… தெரியுமா?

ஒரு கண்டம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அந்த மண்ணுக்கே உரிய பூக்கும் தாவரம் இரண்டே இரண்டு வகைதான் கிடைக்கும்! அது எந்தக் கண்டம் தெரியுமா? அண்டார்க்டிகா!

துருவம் என்றதும் நமக்குப் பென்குவின் ஞாபகம் வரும், பனிக்கரடி ஞாபகம் வரும். செடிகொடி யாருக்காவது ஞாபகம் வருகிறதா? ஆனால் அந்தக் குளிரில் பச்சைகள் செய்யும் சாகசங்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள். செத்துப்போனது என்று நினைத்தது ஆயிரம் வருடம் கழித்துத் துளிர்க்கிறது! பாறைக்குள் குடியிருக்கிறது! விண்வெளிக்கும் போய்விட்டு உயிரோடு திரும்பி வருகிறது! வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டே இரண்டு!

அண்டார்க்டிகாவின் பரப்பு சுமார் 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! அதில் 98 சதவீதம் பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கிறது. மரம் கிடையாது, புதர் கிடையாது. மிச்சமிருக்கும் துளியூண்டு நிலத்தில் பூப்பவை இரண்டுதான். ஒன்று, ஹேர் கிராஸ் என்ற புல். இன்னொன்று, பேர்ல்வொர்ட் என்ற குட்டிச் செடி. தரையோடு தரையாகப் பச்சை மேடு கட்டி, அதன் மேல் சில மில்லிமீட்டரே உள்ள வெளிர்மஞ்சள் பூக்களை விடும் செடி அது. இவையும் கண்டம் முழுக்கக் கிடைக்காது. தென் அமெரிக்காவை நோக்கி நீண்டிருக்கும் அண்டார்க்டிக் தீபகற்பத்திலும், பக்கத்துத் தீவுகளிலும் மட்டும்தான்!

பூ திறக்காமலே விதை!

பூச்சியும் அரிது, பூ திறக்கவும் முடியாத குளிர். அங்கே ஒரு புல் எப்படி விதை வைக்கும்? அதற்கும் வழி வைத்திருக்கிறது ஹேர் கிராஸ்! குளிர் அதிகமானால் பூவைத் திறப்பதே இல்லை. மூடிய பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும்! வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்கு இறங்கினாலும் தன் முழுத் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் உணவு தயாரித்துக்கொண்டிருக்கும். உடம்புக்குள் ஐஸ் துகள்கள் பெரிதாகி செல்களைக் கிழித்துவிடாதபடி தடுக்கும் புரதங்களும் அதனிடம் உண்டு.

பூச்சி அரிது என்றேன் அல்லவா? அதிலும் ஓர் ஆச்சரியம்! வருடம் முழுக்கத் தரையிலேயே வாழும் அண்டார்க்டிகா விலங்குகளில் மிகப் பெரியது எது தெரியுமா? 6 மில்லிமீட்டர்கூட எட்டாத, சிறகில்லாத ஒரு பூச்சி! பென்குவின் கணக்கில் வராதா என்கிறீர்களா? அது சோறு தேடுவது கடலில் அல்லவா!

1,530 வருடத் தூக்கம்!

மழைக்காலத்தில் சுவரோரம் மெத்தென்று பச்சையாகப் படருமே, அந்த மாஸ் இனத்துக்கு எவ்வளவு பொறுமை தெரியுமா? அண்டார்க்டிகாவின் சிக்னி தீவில் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தினர் உறைந்த மண்ணைத் துளையிட்டு, ஒரு மீட்டருக்கும் கீழேயிருந்து பழைய மாஸை வெளியே எடுத்தார்கள். அதை ஒரு பெட்டியில் வைத்து வெளிச்சம் காட்டி, வளர்வதற்கு ஏற்ற வெப்பத்தில் வைத்தார்கள். உரம் போடவில்லை, வேறு எந்த வித்தையும் செய்யவில்லை. சில வாரங்களில் பழுப்பு நிறத் தண்டிலிருந்து பச்சைத் துளிர் எட்டிப் பார்த்தது! அந்த மாஸின் வயது என்ன தெரியுமா? 1,530 வருடங்கள்! 2014-ல் இந்தச் சேதி வெளியானபோது உலகமே வாய் பிளந்தது. முழுத் தாவரமாகவே உறைந்து, அத்தனை காலம் கழித்து மறுபடி வளர்ந்த கதையை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை!

பனியாறு விலகியதும் உயிர்!

கனடாவின் எல்ஸ்மியர் தீவிலும் ஏறக்குறைய இதே கூத்துதான்! டியர்ட்ராப் என்ற பனியாறு உருகிப் பின்வாங்கியபோது அடியில் கறுத்துப்போன மாஸ் திட்டுகள் தெரிந்தன. சுமார் 400 வருடம் பனிக்கட்டிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தவை! ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் பொடியாக்கி மண்ணில் தூவினார்கள். முளைத்துவிட்டது!

அணில் ஒளித்து வைத்தது, மனிதன் பூக்க வைத்தான்!

அடுத்து வருவது அதைவிடப் பெரியது. சைபீரியாவில் கோலிமா ஆற்றங்கரை. 38 மீட்டர் ஆழத்தில், மைனஸ் 7 டிகிரியில் உறைந்த மண். அதற்குள்ளே தரை அணில்களின் பழைய வளைகள்! குளிர்காலத்துக்கு என்று அணில்கள் சேர்த்து வைத்த கிடங்குகள் அவை. சில வளைகளில் எத்தனை விதைகளும் காய்களும் இருந்தன தெரியுமா? 6 லட்சத்துக்கும் மேல்!

அந்தக் குவியலில் சைலீன் ஸ்டெனோஃபில்லா என்ற வெள்ளைப் பூச்செடியின் பிஞ்சுக் காய்களும் இருந்தன. முற்றிய விதைகள் கெட்டுப்போயிருந்தன. ஆனால் பிஞ்சுக்குள் விதையைத் தாங்கும் சதைப்பகுதியில் உயிர் மிச்சம் இருந்தது! ரஷ்ய விஞ்ஞானிகள் அந்தச் சதையிலிருந்தே செடி வளர்த்தார்கள். செடி வளர்ந்து பூத்தது. அந்தப் பூ விட்ட விதைகளும் முளைத்தன! அந்தக் காயின் வயது என்ன தெரியுமா? ஏறக்குறைய 32,000 வருடங்கள்! அணில் அதை வளைக்குள் இழுத்துப் போனபோது வெளியே மாமத யானைகள் மேய்ந்துகொண்டிருந்தன!

அந்தப் பூவை இன்றைய பூவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சின்ன வித்தியாசம் தெரியும். பழைய பூவின் இதழ்கள் கொஞ்சம் ஒடுக்கம். 32,000 வருடத்து மாற்றம் அவ்வளவுதான்! 2012-ல் இதை உலகுக்குச் சொன்னவர்கள் ஸ்வெட்லானா யாஷினாவும் டேவிட் கிலிசின்ஸ்கியும்.

காட்டையே மிதித்து நடக்கலாம்!

மரத்தின் மேல் நடந்திருக்கிறீர்களா? ஆர்க்டிக்கில் நடக்கலாம்! அங்கே வில்லோ மரம் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் நிமிர்வதில்லை. தண்டு தரையோடு ஊர்ந்து போகும், இலை மட்டும் மேலே தெரியும். காற்று மேலே சீறினாலும் தரையை ஒட்டிய சில சென்டிமீட்டரில் வெதுவெதுப்பு தங்கிவிடும். அந்த ரகசியம் இந்தக் குட்டி மரத்துக்குத் தெரியும்! வளர்ச்சியோ ஆமை வேகம். கிரீன்லாந்தின் கிழக்கில் ஓர் ஆர்க்டிக் வில்லோவுக்கு வயது 236 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முழங்காலைக்கூட எட்டாத 236 வயதுப் பெரியவர்!

சூரியனோடு சுற்றும் பூ!

ஆர்க்டிக் பாப்பியைத் தெரியுமா? கசகசாச் செடியின் துருவத்துச் சொந்தக்காரர்! ரோமம் மூடிய மெல்லிய காம்பு. அதன் உச்சியில் மஞ்சள் இதழ்கள் நான்கு, கிண்ணம் போலக் குவிந்து நிற்கும். கோடையில் அங்கே சூரியன் மறைவதே கிடையாது. 24 மணி நேரமும் வானத்தைச் சுற்றி வரும். பூவும் விடாமல் முகத்தைத் திருப்பித் திருப்பிச் சூரியனையே பார்க்கும்! கிண்ண வடிவ இதழ்கள் வெளிச்சத்தை நடுவில் குவிக்கின்றன. அதனால் பூவின் நடுப்பகுதி வெளிக்காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். அந்தச் சூட்டில்தான் விதை சீக்கிரம் முற்றுகிறது.

பூச்சிகள் சும்மா விடுமா? ஈயும் கொசுவும் வந்து பூவுக்குள் உட்கார்ந்து குளிர் காய்கின்றன! எல்ஸ்மியர் தீவில் இதை அளந்து பார்த்து 1975-லேயே எழுதியிருக்கிறார்கள்.

கொசுவுக்கு ஜே!

கொசுவால் ஒரு நன்மை உண்டு என்றால் நம்புவீர்களா? அலாஸ்கா வரை வளரும் ஒரு சதுப்புநில ஆர்க்கிட் பூவுக்கு மகரந்தத் தூதுவரே கொசுதான்! தேன் குடிக்க வரும் கொசுவின் கண்ணில் மகரந்த மூட்டை ஒட்டிக்கொள்ளும். அதைச் சுமந்துகொண்டே அடுத்த பூவுக்குப் பறக்கும். அந்தப் பூவின் வாசம்தான் கொசுவை இழுக்கிறது என்று 2019-ல் கண்டுபிடித்தார்கள்!

உலகின் வடகோடித் தோட்டம்!

வடதுருவத்திலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு குட்டித் தீவு இருக்கிறது. பெயர் காஃபெக்லுபன். கோபன்ஹேகன் நகர அருங்காட்சியகம் ஒன்றில் காபி குடிக்கக் கூடிய நண்பர் குழுவின் பெயரையே தீவுக்கு வைத்துவிட்டார்கள்! வடக்கே 83 டிகிரி 40 நிமிடத்தில் இருக்கும் இந்தக் கற்குவியலிலும் பூ பூக்கிறது தெரியுமா? பாப்பி பூக்கிறது! ஊதா நிற சாக்ஸிஃப்ரேஜும் பூக்கிறது!

அந்த சாக்ஸிஃப்ரேஜ் லேசுப்பட்ட ஆள் இல்லை. சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் 4,505 மீட்டர் உயரத்திலும் அது பூப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் நுனவுட் பிரதேசம் அதைத்தான் தன் மலராக அறிவித்திருக்கிறது.

பனியில் ரத்தமா?

1818-ல் ஜான் ராஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர் கிரீன்லாந்துக் கரையோரம் போனபோது திகைத்துப்போனார். மலைச்சரிவு முழுக்கச் சிவப்புப் பனி! எங்கிருந்து வந்தது இந்தச் செந்நிறம்? வானத்திலிருந்து விழுந்த இரும்புத் துகளோ என்றுகூட அன்று யோசித்தார்கள். உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத பாசி! கடும் வெயிலிலிருந்து தப்பிக்க அஸ்டாக்ஸாந்தின் என்ற சிவப்பு நிறமியைப் பூசிக்கொண்ட பாசி! சால்மன் மீனுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருவதும் இதே நிறமிதான்!

விண்ணிலிருந்து எண்ணிய பச்சைப் பனி!

பச்சை நிறப் பனியும் உண்டு! அண்டார்க்டிக் தீபகற்பத்தில் பச்சைப் பாசி பூத்த பனித்திட்டுகள் எத்தனை என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படங்களை வைத்து எண்ணினார்கள். எத்தனை தெரியுமா? 1,679! எல்லாம் சேர்ந்து சுமார் 1.9 சதுர கிலோமீட்டர். வருடத்துக்கு 479 டன் கார்பனைக் காற்றிலிருந்து உறிஞ்சுகின்றன! இதில் பாதிக்கும் மேற்பட்டவை பென்குவின் குடியிருப்புகளுக்கு அருகிலேயே இருக்கின்றன. காரணம்? எச்சம்தான் உரம்!

8,000 வருடப் பழைய எரு!

எச்சம் என்றதும் இதையும் கேளுங்கள். கிழக்கு அண்டார்க்டிகாவில் ஆஸ்திரேலியாவின் கேஸி நிலையத்தைச் சுற்றி அடர்ந்த மாஸ் மெத்தைகள். அந்த இடத்தில் இப்போது பென்குவின்கள் கூடு கட்டுவதில்லை. பிறகு சத்து எங்கிருந்து வருகிறது? ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பு அங்கே கூடு கட்டிய பென்குவின்கள் விட்டுப்போன எச்சத்திலிருந்து! அதன் வயது 3,000 முதல் 8,000 வருடம்! குளிரில் மக்காமல் கிடந்த எருவை மாஸ் இன்னும் மிச்சம் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது!

பாரதியின் பெயரில் ஒரு மாஸ்!

அண்டார்க்டிகாவில் இந்தியப் பெயர் கொண்ட மாஸ் இருக்கிறது தெரியுமா? லார்ஸ்மன் குன்றுகளில் 2012-ல் தொடங்கிய இந்திய ஆய்வு நிலையத்தின் பெயர் பாரதி. அந்தப் பகுதியில் கிடைத்த ஒரு மாஸைப் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். உலகில் வேறெங்கும் பதிவாகாத இனம் என்று தெரிந்தது! 2021-ல் அதற்கு பிரையம் பாரதியென்சிஸ் என்று பெயர் சூட்டினார்கள். சூரியனே வராத குளிர்கால இருட்டிலும், மைனஸ் பல டிகிரிக் குளிரிலும் காய்ந்து சுருண்டு கிடக்கும். கோடையில் பனி உருகிய நீர் பட்டதும் எழுந்துகொள்ளும்!

ஆயிரம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்!

பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தினால் அதன் பெயர் லைக்கன். கணக்காகச் சொன்னால் தாவரமே இல்லை. ஆனாலும் துருவத்துப் பசுமையில் இதை விட்டுவிட முடியுமா? அண்டார்க்டிகாவில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன! அங்குள்ள வறண்ட பள்ளத்தாக்குகளில் ஒரு வகை லைக்கன் ஒரு சென்டிமீட்டர் வளர எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? ஏறக்குறைய ஆயிரம் வருடம்! இன்னொரு வகை மைனஸ் 17 டிகிரியிலும் ஒளிச்சேர்க்கை செய்கிறது!

ஆரஞ்சு நிற ஸாந்தோரியா லைக்கனை 2008-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் வைத்தார்கள். காற்றில்லாத வெட்டவெளி, புற ஊதாக் கதிர், கடும் குளிர். ஒன்றரை வருடம் கழித்துப் பூமிக்கு எடுத்து வந்து நீர் தெளித்தால்… உயிரோடு இருந்தது!

கல்லுக்குள் குடித்தனம்!

அதே வறண்ட பள்ளத்தாக்குகளில் இன்னொரு கூட்டம் பாறைக்கு உள்ளேயே வாழ்கிறது! வெளியே இருந்தால் ஈரத்தைக் காற்று உறிஞ்சி எடுத்துவிடும். அதனால் மணற்கல்லின் துகள்களுக்கு இடையே சில மில்லிமீட்டர் ஆழத்தில் புகுந்துகொள்ளும். கல்லை உடைத்தால் உள்ளே கறுப்பு, வெள்ளை, பச்சை என்று மெல்லிய அடுக்குகள் தெரியும்! வெயில் பட்டுக் கல் சூடேறும் சில மணி நேரம்தான் இவற்றுக்கு வாழ்க்கை. செவ்வாயில் உயிர் தேடுபவர்கள் இந்தக் கற்களை ஆசையாகப் படிப்பது ஏன் என்று புரிகிறதா?

ஏரிக்கு அடியில் பச்சைத் தூண்கள்!

ஜப்பானின் ஷோவா நிலையத்துக்கு அருகே பனி மூடிய ஏரிகள் உண்டு. வெளியே பார்த்தால் மொட்டைப் பாறை. தண்ணீருக்குள் இறங்கினால்? 60 சென்டிமீட்டர் உயரத்தில் கூம்பு கூம்பாகப் பச்சைத் தூண்கள்! மாஸும் பாசியும் சேர்ந்து கட்டிய கோபுரங்கள்! ஜப்பானியர்கள் அவற்றுக்குச் செல்லமாக ‘கொக்கே போஸு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே ஐஸ் மூடியிருப்பதால் காற்றும் அலையும் இல்லை. அடியில் தண்ணீர் உறைவதும் இல்லை. பாதுகாப்பான வீடு!

இருட்டில் வளரும் கடற்பாசி!

வெளிச்சம் இருந்தால்தானே பச்சை வளரும்? ஆர்க்டிக் கடலின் கெல்ப் என்ற பெரிய கடற்பாசி ஒன்று இந்த விதியைத் தலைகீழாக்குகிறது! கோடையில் உணவைச் சேமிக்கும். குளிர்காலத்தில், மேலே ஐஸ் மூடி கும்மிருட்டாக இருக்கும்போது சேமிப்பை எடுத்துச் செலவழித்து வளரும்! அலாஸ்காவின் வடக்குக் கரையோரம் அளந்து பார்த்தபோது வருட வளர்ச்சியில் பெரும்பகுதி இருட்டில்தான் நடக்கிறது என்று தெரிந்தது. ஏன் இந்தப் பிடிவாதம்? நைட்ரஜன் சத்து கடலில் அப்போதுதான் நிறையக் கிடைக்கிறது!

மைனஸ் 196 டிகிரியா? பரவாயில்லை!

உலகின் வடகோடிக் காடு ரஷ்யாவின் டைமிர் தீபகற்பத்தில், வடக்கே சுமார் 72 டிகிரி 30 நிமிடத்தில் இருக்கிறது. அங்கே நிற்பது லார்ச் மரம். ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும்! மைனஸ் 60 டிகிரியைத் தாண்டும் சைபீரியக் குளிரை இவை எப்படித் தாங்குகின்றன? செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் மெல்ல வெளியேறி, செல்லுக்கு வெளியே உறைகிறது. உள்ளே பாகு போலக் கெட்டியான சர்க்கரைக் கரைசல்தான் மிச்சம். அது ஐஸ் ஆவதில்லை!

இந்தக் குணத்தின் எல்லை எது என்று ஜப்பானிய விஞ்ஞானி அகிரா சகாய் சோதித்தார். வில்லோ, மல்பெரி மரக் குச்சிகளை மெல்ல மெல்ல மைனஸ் 30 டிகிரி வரை பழக்கி, பிறகு மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் முக்கினார். வெளியே எடுத்தபோது உயிரோடு இருந்தன!

மாலுமிகளைக் காப்பாற்றிய முட்டைக்கோஸ்!

தென் இந்தியப் பெருங்கடலில் கெர்கலன் என்ற குளிர்ந்த தீவுக்கூட்டம். 1776-ல் கேப்டன் குக் அங்கே இறங்கியபோது முட்டைக்கோஸ் மாதிரி ஒரு கீரை மண்டிக் கிடந்தது. வைட்டமின் சி நிறைந்த அந்தக் கீரையைத் தின்றால் ஸ்கர்வி நோய் ஓடிப்போகும் என்று மாலுமிகள் கண்டுகொண்டார்கள். அதன் அறிவியல் பெயரிலேயே ‘ஸ்கர்வியை எதிர்ப்பது’ என்ற பொருள் இருக்கிறது! முட்டைக்கோஸின் உறவினர்களுக்குப் பெரும்பாலும் பூச்சிதான் மகரந்தம் சுமக்கும். இதற்கோ காற்று! அங்கே வீசும் பேய்க்காற்றில் பூச்சிகள் பறந்தால் கடலில்தான் போய் விழும். அதனால் அந்தத் தீவின் ஈக்கள் சில சிறகையே தொலைத்துவிட்டன!

விளக்குத் திரி பூவிலிருந்து!

ஆர்க்டிக்கின் இன்யூட் மக்கள் கல் விளக்கில் சீல் கொழுப்பை ஊற்றி எரிப்பார்கள். திரிக்குப் பஞ்சு வேண்டுமே! சதுப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து ஆடும் ஆர்க்டிக் பருத்திப் புல்தான் திரி. சில சமயம் அதோடு மாஸையும் கலப்பார்கள். அடுப்பெரிக்க? கேசியோப் என்ற குட்டைப் புதர். பிசின் நிறைந்திருப்பதால் ஈரமாக இருந்தாலும் எரியும்!

உயிர் போனாலும் கல்லை விடவில்லை!

1912-ல் தென்துருவத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட்டும் நண்பர்களும் உயிரிழந்தார்கள். பசியிலும் குளிரிலும் துவண்டபோதும் ஒரு சுமையை அவர்கள் தூக்கி எறியவில்லை. என்ன அது தெரியுமா? 16 கிலோ பாறைகள்! உடல்களோடு அவையும் கிடைத்தன. அதற்குள் இருந்தது குளோசாப்டெரிஸ் என்ற பழங்கால மரத்தின் இலைத்தடம்! அதே மரத்தின் இலைகள் நம் ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரிச் சுரங்கங்களிலும் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் கோண்ட்வானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்ததற்கு அந்த இலை சாட்சி!

தென்துருவத்தில் மழைக்காடு!

9 கோடி வருடங்களுக்கு முன்பு தென்துருவத்துக்குச் சுமார் 900 கிலோமீட்டர் அருகில் என்ன இருந்தது தெரியுமா? சொதசொதவென்று மழைக்காடு! 2017-ல் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் மேற்கு அண்டார்க்டிகா அருகே கடலடியைத் துளையிட்டது. மேலே வந்த மண்ணில் வேர்கள் பின்னிப் பிணைந்து கிடந்தன. மகரந்தமும் இருந்தது! அன்று அங்கே வருடச் சராசரி வெப்பநிலை சுமார் 12 டிகிரி. வருடத்தில் நான்கு மாதம் சூரியனே வராத இடத்தில் காடு தழைத்திருக்கிறது!

4 கோடியே 50 லட்சம் வயது விறகு!

கனடாவின் ஆக்ஸெல் ஹைபர்க் தீவில் ஒரு பழங்காலக் காடு மண்ணுக்குள் கிடக்கிறது. வயது சுமார் நாலரைக் கோடி வருடம். கல்லாக மாறியிருக்குமே என்கிறீர்களா? இல்லை! இன்னும் மரமாகவே இருக்கிறது! ரம்பத்தால் அறுக்கலாம், தீ வைத்தால் எரியும்! உதிர்ந்த இலைக்குப்பைகூட அப்படியே அடுக்கடுக்காக இருக்கிறது!

பிஸ்கட் ஜாடிக்குள் ஒரு புதையல்!

1966-ல் அமெரிக்க ராணுவத்தார் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரி முகாமில் பனிக்கட்டியைக் கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளைத்தார்கள். அடியில் கிடைத்த மண்ணை பிஸ்கட் ஜாடி மாதிரியான கண்ணாடி ஜாடிகளில் போட்டு வைத்தார்கள். பிறகு மறந்தே போனார்கள்! அரை நூற்றாண்டுக்குப் பிறகு டென்மார்க்கின் உறைகிடங்கு ஒன்றில் அந்த ஜாடிகள் அகப்பட்டன. மண்ணைக் கழுவினால்… குச்சியும் இலையும் மாஸும் மிதந்து வந்தன! ஏறக்குறைய 4 லட்சத்து 16 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு அந்த இடம் பனியில்லாத பச்சை நிலமாக இருந்தது என்று 2023-ல் உறுதியானது!

வெளியே பனிப்புயல், உள்ளே வெள்ளரிக்காய்!

2018-ல் அண்டார்க்டிகாவின் நியூமேயர் நிலையம் அருகே ஜெர்மானியர்கள் ஒரு பசுமைக்கூடம் நடத்தினார்கள். மண் கிடையாது, வெயில் கிடையாது. செயற்கை ஒளியும் சத்து கலந்த நீரும் மட்டும்! 12.5 சதுர மீட்டரில் ஒன்பதரை மாதத்தில் எவ்வளவு விளைந்தது தெரியுமா? 268 கிலோ! அதில் வெள்ளரி 67 கிலோ, தக்காளி 50 கிலோ, லெட்யூஸ் கீரை 117 கிலோ! நிலவிலும் செவ்வாயிலும் காய்கறி வளர்க்க இது ஒத்திகை!

சட்டைப்பையில் வந்த விருந்தாளி!

அண்டார்க்டிகா போகிறவர்களில் பலர் தெரியாமலே எதைக் கொண்டு போகிறார்கள்? விதைகளை! 2007–08 கோடையில் சுற்றுலாப் பயணிகள், விஞ்ஞானிகள் ஆகியோரின் உடை, பை, காலணிகளைச் சோதித்தார்கள். விதை சுமந்து வந்தவர்களிடம் சராசரியாக ஆளுக்கு 9.5 விதைகள் ஒட்டியிருந்தன! அந்த ஒரு கோடையில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட விதைகள் கண்டத்துக்குள் போயிருக்கும் என்பது கணக்கு. ஐரோப்பியப் புல் ஒன்று போலந்து நிலையத்தின் பக்கத்தில் 1980-களிலேயே முளைத்துவிட்டது. அதனால்தான் இப்போது அங்கே கால் வைக்கும் முன் காலணியைத் தேய்த்துக் கழுவ வேண்டும்!

வேண்டாத பச்சை!

அண்டார்க்டிக் தீபகற்பத்தில் 1986-ல் பச்சை மூடிய பரப்பு 0.86 சதுர கிலோமீட்டர். 2021-ல்? 11.95 சதுர கிலோமீட்டர்! 35 வருடத்தில் 13 மடங்குக்கும் மேல்! சந்தோஷப்படலாமா? கூடாது! அந்தப் பகுதி வேகமாகச் சூடேறுவதன் அடையாளம் இது. மாஸ் படர்ந்தால் மண் சேரும். மண் சேர்ந்தால் வெளியூர்க் களைகள் குடியேறும். ஆயிரம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் லைக்கன், மாதக்கணக்கில் பரவும் களையோடு எப்படிப் போட்டி போடும்? அந்தப் பொறுமைசாலிகளை நாம் இழந்தால் அது பெரிய அநியாயம்!

நம் சோளமும் கம்பும் துருவத்தில்!

கடைசியாக ஒன்று. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், மலையைக் குடைந்து 2008-ல் திறந்தது உலக விதைப் பெட்டகம். உள்ளே மைனஸ் 18 டிகிரி. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே தூங்குகின்றன! ஹைதராபாத் அருகே இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் அனுப்பிய சோளம், கம்பு, கேழ்வரகு, துவரை, நிலக்கடலை விதைகளும் அதில் அடக்கம்! சிரியாவில் போர் மூண்டு அங்கிருந்த விதை வங்கியை இழந்த விஞ்ஞானிகள் 2015-ல் இந்தப் பெட்டகத்திலிருந்துதான் விதைகளைத் திரும்ப எடுத்துப் பயிரிட்டார்கள். பிறகு புது விதையாகத் திருப்பியும் வைத்தார்கள்!

ஆனால் 2016-ல் என்ன நடந்தது தெரியுமா? நிரந்தரமாக உறைந்திருக்கும் என்று நம்பிய மண் இளகி, பெட்டகத்தின் நுழைவுச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது! நல்லவேளை, விதைகளை அது தொடவில்லை. நார்வே அந்தச் சுரங்கத்தைத் தண்ணீர் புகாதபடி மறுபடி கட்டியது.

32,000 வருடம் ஒரு பிஞ்சுக் காயைப் பத்திரமாக வைத்திருந்தது துருவக் குளிர். இன்று நம் களிக்கும் கூழுக்கும் ஆதாரமான விதைகளுக்கும் அதுதான் காவல். அந்தக் குளிர் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய வேலை!